பிஹைண்ட் த நேம்: ‘உறுதியாகத் தெரியாது’ என்று சொல்லத் தெரிந்த பெயர் அகராதி

‘வனெஸ்ஸா’ என்ற பெயரை ஏதாவதொரு இலவசப் பெயர்ச் செயலியில் போட்டுப் பாருங்கள். ‘பட்டாம்பூச்சி; கிரேக்கப் பெயர்’ என்று பதில் வர நல்ல வாய்ப்பு உண்டு. நடந்தது தலைகீழ். எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் தன் தோழி எஸ்தர் வான்ஹோம்ரிக்காக உண்டாக்கிய பெயர் அது. அவருடைய குடும்பப் பெயரிலிருந்து ‘வான்’, எஸ்தரின் செல்ல வடிவத்திலிருந்து ‘எஸ்ஸா’. அந்தப் பெயர் வரும் கவிதை 1726-இல் அச்சானது. பூச்சியியல் அறிஞர் ஃபாப்ரிசியஸ் ஒரு பட்டாம்பூச்சிப் பேரினத்துக்கு வனெஸ்ஸா என்று பெயர் வைத்தது 1807-இல். பூச்சிதான் பெண்ணின் பெயரைக் கடன் வாங்கியது. எண்பது வருடம் பின்னால் வந்த ஒன்றை மூலம் என்று எழுதிவைத்திருக்கும் செயலி மற்ற பெயர்களுக்குச் சொல்வதை எப்படி நம்புவது?

இந்தச் சோதனையில் தேறும் இலவசத் தளம் பிஹைண்ட் த நேம். மைக் கேம்ப்பெல் 1996-இல் தொடங்கியது. அச்சிட்ட அகராதிகள் பல பதிப்போடு நின்றுபோக, இது இன்றுவரை திருத்தப்பட்டு வருகிறது. இயற்பெயர்களுக்கு ஒரு பகுதி, குடும்பப் பெயர்களுக்குத் தனிப் பகுதி. விளம்பரங்கள் உண்டு, ஆனால் படிக்கவிடாமல் மறைக்கிற வகை இல்லை. ராசி, அதிர்ஷ்ட எண், ‘இந்தப் பெயருடையவர் பிடிவாதக்காரர்’ போன்ற சரக்கு அதன் முதன்மைப் பதிவுகளில் கிடையாது. அதற்கே பாதி மதிப்பெண் கொடுக்கலாம்.

ஒரு பதிவை எந்த வரிசையில் படிப்பது என்று தெரிந்துகொண்டால்தான் முழுப் பலன் கிடைக்கும். பலர் நேராகப் ‘பொருள்’ என்ற பத்திக்குத் தாவுகிறார்கள். அதற்கு மேலே இருக்கும் ‘பயன்பாடு’ என்ற வரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எந்த மொழியில், எந்தச் சமூகத்தில் அந்தப் பெயர் புழங்குகிறது என்பது அங்கே இருக்கும். ‘மீரா’ என்பதை ரோமன் எழுத்தில் நான்கு எழுத்தாகத் தட்டினால் ஒரே பதிவு வராது. எண்ணிட்டுப் பிரித்த பதிவுகள் வரும். ஒன்று இந்தியப் பெயர். இன்னொன்று ‘மிர்’ என்று தொடங்கும் ஸ்லாவியப் பெயர்களின் சுருக்கம். அந்த ‘மிர்’ருக்கு அமைதி, உலகம் என்று பொருள். எழுத்து ஒன்று, ஒலி கிட்டத்தட்ட ஒன்று, உறவு துளியும் இல்லை. சாதாரணச் செயலிகள் இவற்றை ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கிளறி, ‘கடல், அமைதி, அற்புதம்’ என்று மூன்று மொழிப் பொருளையும் ஒரே பெயருக்கு ஏற்றிவிடும்.

அடுத்து எழுத்து வடிவம். ஜப்பானியப் பெயர்களுக்கு இது உயிர்நாடி. ‘ஹாருதோ’ என்ற ஒலிக்குப் பொருள் கிடையாது. எந்த ‘காஞ்சி’ எழுத்துகளில் (சீனத்திலிருந்து வந்த ஜப்பானிய எழுத்துகள்) எழுதுகிறார்களோ அவற்றுக்குத்தான் பொருள். ஒரே ஒலியைப் பல விதமாக எழுதலாம், ஒவ்வொன்றும் வேறு பெயர் மாதிரி. தளம் சில எழுத்துச் சேர்க்கைகளைக் கொடுத்துவிட்டு, வேறு சேர்க்கைகளும் உண்டு என்று முடித்துக்கொள்கிறது. நேர்மையான பதில் அதுதான். ஜப்பானியப் பெயருக்கு எழுத்தைக் காட்டாமல் பொருள் மட்டும் சொல்லும் எந்தப் பட்டியலையும் அப்படியே மூடிவிடலாம். சீனக் குடும்பப் பெயர்களிலும் இதே கதை. ரோமனில் ‘ஜாங்’ என்று ஒரே மாதிரி எழுதப்படும் பெயருக்குள் வெவ்வேறு எழுத்துள்ள தனித்தனிக் குடும்பப் பெயர்கள் ஒளிந்திருக்கின்றன.

மூன்றாவது உச்சரிப்பு. எந்த மொழியின் ஒலியையும் எழுதிக்காட்டும் சர்வதேச ஒலிக்குறியீடான ஐபிஏவிலும் பார்க்கலாம். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. ஐரிஷ் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்தால் ‘சியோபான்’, ‘நியாம்’ என்று எழுதிவிடுவோம். உண்மையில் ஷிவோன், நீவ். அந்த மொழியில் ‘ப’ ஒலிக்குப் பின்னும் ‘ம’ ஒலிக்குப் பின்னும் வரும் ‘எச்’ எழுத்து அவற்றை ‘வ’ ஆக்கிவிடுகிறது. செய்திகளில் வரும் பாதிப் பிழைகள் இந்த ஒரு வரியைப் பார்க்காததால் வருபவை.

பிறகுதான் பொருளும் வரலாறும் சொல்லும் பத்தி. தளத்தின் தரம் தெரிவது இங்கேதான், குறிப்பாகத் தெரியாத இடங்களில். மேரி என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். மிரியம் என்ற எபிரேயப் பெயரிலிருந்து வந்தது என்பதில் சிக்கல் இல்லை. மிரியமுக்கு என்ன பொருள்? கசப்பு, கலகம், விரும்பிப் பெற்ற குழந்தை என்று பல ஊகங்கள். எகிப்திய மொழியில் ‘அன்புக்குரிய’ என்ற பொருளுள்ள சொல்லோடு தொடர்பிருக்கலாம் என்பது இன்னொன்று. தளம் இவற்றை வரிசையாக வைத்து, உறுதியில்லை என்று சொல்லி, எது கூடுதலாகப் பொருந்துகிறது என்றும் சொல்கிறது. செயலிகளில் ஒற்றைச் சொல்லில் ‘கசப்பு’ என்று இருக்கும். ஆயிரக்கணக்கான வருடம் பெற்றோர் ஆசையாக வைத்த பெயரின் பொருள் வெறும் கசப்பு என்றால், அதைப் பதிவேற்றியவருக்காவது ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஜெர்மானியப் பெயர்கள் இன்னொரு நல்ல உரைகல். வில்லியம் என்பதில் ‘வில்’ என்றால் விருப்பம், மன உறுதி. ‘ஹெல்ம்’ என்றால் தலைக்கவசம். ரிச்சர்டில் ‘ஆட்சி, வலிமை’ பொருளுள்ள ஒரு பகுதியும் ‘துணிவு’ பொருளுள்ள ஒரு பகுதியும். இவற்றைச் சேர்த்து ‘உறுதியான பாதுகாவலன்’, ‘துணிச்சலான அரசன்’ என்று வாக்கியம் கட்டுவது பெயர்ப் புத்தகங்களின் பழைய பழக்கம். அந்தப் பெயர்கள் அப்படி உருவானவை அல்ல. குடும்பத்தில் புழங்கிய இரண்டு மதிப்புச் சொற்களை ஒட்டவைத்தார்கள். அப்பா பெயரில் ஒரு துண்டு, தாத்தா பெயரில் ஒரு துண்டு என்றுகூட எடுப்பார்கள். ஹில்டெகுண்ட் என்ற பெண் பெயரில் முதல் பாதி ‘போர்’, இரண்டாம் பாதியும் ‘போர்’. இதற்கு என்ன வாக்கியம் கட்டுவது? தளம் துண்டுகளைத் தனித்தனியே கொடுத்துவிட்டு நிற்கிறது. அந்தத் துண்டு வேறு எந்தப் பெயர்களில் வருகிறது என்று தொடுப்புவழியே போகவும் முடிகிறது.

எனவே எந்தப் பெயர்த் தளத்தையும் ஐந்தே நிமிடத்தில் எடைபோட நான்கு பெயர்கள் போதும்: வனெஸ்ஸா, மேரி, ஹில்டெகுண்ட், இமொஜென். கடைசிப் பெயர் ஷேக்ஸ்பியரின் நாடகமொன்றில் வரும் நாயகி பெயர். ‘இன்னொஜென்’ என்று இருந்தது 1623-ஆம் ஆண்டு அச்சுப் பதிப்பில் பிழையாகி நின்றது என்பது ஆய்வாளர்கள் பலர் ஏற்கும் கருத்து. அச்சுப் பிழையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாத தளம் வெறும் பட்டியலை நகலெடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொரு குறுக்குவழியும் உண்டு. ‘ஆப்பிரிக்கப் பெயர்’, ‘அமெரிக்கப் பழங்குடிப் பெயர்’ என்று மட்டும் போட்டிருந்தால் அந்தப் பதிவைத் தள்ளிவிடுங்கள். அப்படி ஒரு மொழி இல்லை. யோருபா, ஸ்வாஹிலி, நவஹோ, செரொக்கீ என்று மொழிப் பெயர் சொல்லாத மூலம் மூலமே அல்ல.

ஒரே பெயரின் பல வடிவங்களைத் தொடர்ந்து போகும் வசதி இதன் ரசிக்கத்தக்க பகுதி. மார்கரெட் கிரேக்கத்தில் ‘முத்து’. அதிலிருந்து கிரேட்டா, ரீட்டா, மார்ஜரி, போலிஷ் மொழியின் மவ்கொஜாட்டா எல்லாம் கிளைகள். ஆங்கிலத்தில் மெக், அதன் எதுகையாகப் பெக், அதிலிருந்து பெக்கி. டெய்சி எப்படி மார்கரெட்டின் செல்லப் பெயரானது? பிரெஞ்சில் அந்தப் பூவின் பெயர் மார்கரீட். ஆங்கிலச் சொல்லான டெய்சியின் வேர் ‘பகலின் கண்’ என்பதும் உண்மை. இரண்டு வரலாறும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர் முழுதாகப் புரியும். ஒற்றைச் சொல் அட்டவணையில் இதற்கு இடமே இல்லை.

ஜான் குடும்பம் இன்னும் பெரியது. ‘யாவே (எபிரேயரின் கடவுள்) அருளினார்’ என்ற பொருளுள்ள யோஹானன் என்ற எபிரேயப் பெயர் ஜான், ஷான், இவான், ஹுவான், ஜொவான்னி, ஹான்ஸ் என்று விரிகிறது. தளத்தின் இந்த வகைத் தேடல் ஒலிவழி மாறிய வடிவங்களைத்தான் பிடிக்கும், பொருள்வழி மாறியவற்றைப் பிடிக்காது. தமிழ்க் கத்தோலிக்கர் ஜானை அருளப்பர் என்றும், ‘சிறிய’ என்ற லத்தீன் வேருள்ள ‘பால்’ என்ற பெயரைச் சின்னப்பர் என்றும் மொழிபெயர்த்தே அழைத்தார்கள். இவ்வளவு அழகான மொழிபெயர்ப்பு உலகில் குறைவு. எந்தப் பெயர்த் தளத்தின் கிளைப்படத்திலும் இதைத் தேடிப் பயனில்லை.

இனி எச்சரிக்கைகள். தளத்தில் பயனர்கள் சேர்த்த பெயர்களுக்குத் தனிப் பகுதி உண்டு. அவை சரிபார்க்கப்பட்ட முதன்மைப் பதிவுகள் அல்ல. தேடுபொறி வழியாக உள்ளே வருகிறவர் எந்தப் பகுதியில் நிற்கிறோம் என்று கவனிக்காமல் ‘அந்தத் தளமே சொல்கிறது’ என்று மேற்கோள் காட்டிவிடுவது வழக்கமான பிழை. பக்கத்தின் தலைப்பைப் பாருங்கள். அதேபோல், ‘இந்தப் பெயர் கம்பீரமானது, பழமையானது’ என்று காட்டும் மதிப்பீடுகள் வாக்களித்தவர்களின் ரசனை மட்டுமே. தமிழ்ப் பெயருக்கு ஆங்கிலம் பேசுகிறவர் போட்ட மதிப்பெண்ணை வைத்து என்ன செய்ய?

பெயர்ப் புழக்க வரைபடங்களைப் படிப்பதற்கும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். அமெரிக்க எண்கள் அந்நாட்டுச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் அட்டை விண்ணப்பங்களிலிருந்து வருபவை. 1880 பிறப்புகள் முதல் கிடைக்கும். ஆனால் 1937-க்கு முன் பிறந்தவர்களில் பலர் அட்டைக்கே விண்ணப்பிக்கவில்லை; ஆகவே பழைய ஆண்டுகளின் எண்ணிக்கை உண்மையான பிறப்புகளைவிடக் குறைவு. ஓர் ஆண்டில் 5 பேருக்குக் குறைவாக வைக்கப்பட்ட பெயர் தனியுரிமைக்காகப் பட்டியலில் வராது. இங்கிலாந்து, வேல்ஸ் பட்டியலில் அந்த வரம்பு 3. எழுத்துக்கூட்டு மாறினால் தனிப் பெயராகவே கணக்கு. சோஃபியாவை இரண்டு விதமாக எழுதினால் இரண்டு பெயர், இரண்டு இடம். ‘பட்டியலிலேயே இல்லாத அபூர்வப் பெயர்’ என்று மகிழ்கிறவர்கள் அதன் மற்ற எழுத்துக்கூட்டுகளையும் கூட்டிப் பார்த்தால், வகுப்பில் அதே ஒலியில் மூன்று குழந்தைகள் திரும்பிப் பார்க்கும் என்பது தெரியவரும்.

குடும்பப் பெயர்ப் பகுதி இயற்பெயர்ப் பகுதியைவிடச் சிறியது. தரம் ஏறக்குறைய அதே. எடுத்துக்காட்டாகப் பிரைஸ். ‘விலை’ என்று தோன்றும். அது வேல்ஸ் மொழியின் ‘ஆப் ரீஸ்’, அதாவது ரீஸின் மகன். ‘ஆப்’ தேய்ந்து ‘ப்’ மட்டும் ஒட்டிக்கொண்டது. பவல் அப்படியே ஹவலின் மகன், போவன் ஓவனின் மகன். தொழிற்பெயர்களில் வாக்கர் நடப்பவர் அல்ல, நெய்த கம்பளித் துணியை நீரில் போட்டுக் காலால் மிதித்துத் தடிப்பாக்கியவர். அதே தொழிலுக்கு இங்கிலாந்தின் தென்மேற்கில் டக்கர், தென்கிழக்கில் ஃபுல்லர், வடக்கில் வாக்கர். எந்தச் சொல் ஒட்டியது என்பதே மூதாதையர் எந்தப் பக்கத்தார் என்று காட்டும் குறிப்பு. கொல்லர் தொழில் மட்டும் ஸ்மித், ஷ்மிட், லெஃபெவ்ர், ஃபெர்ராரி, கோவாச், கோவல்ஸ்கி, குஸ்நெட்சோவ், எஸ்தோனியாவின் செப், அரபியின் ஹத்தாத், துருக்கியின் தெமிர்ஜி என்று எங்கும் கிடக்கிறது. இவர்களெல்லாம் ஒரு வம்சம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரே எழுத்துக்கூட்டைக் கண்டால் மட்டும் சொல்லிவிடுகிறார்கள். ‘லீ’ ஆங்கிலத்தில் காட்டுவெளி, சீனத்தில் பிளம் மரத்தைக் குறிக்கும் எழுத்து, கொரியாவில் அந்தச் சீன எழுத்திலேயே எழுதப்படும் தனிக் குலங்கள். யாருடைய லீ என்று தெரியாமல் பொருள் சொல்ல முடியாது.

இங்கேதான் எந்த அகராதிக்கும் ஓர் எல்லை வருகிறது. பெயரின் வேர் வேறு, குடும்பத்தின் வேர் வேறு. ஸ்பெயினின் ஆளுநர் கிளாவெரியா 1849-இல் பிலிப்பீன்ஸ் முழுக்கக் குடும்பப் பெயர்களை ஒரு பட்டியலிலிருந்து வழங்க ஆணையிட்டார். அங்கே ஸ்பானியக் குடும்பப் பெயர் இருப்பதால் ஸ்பானிய ரத்தம் என்று ஆகாது. துருக்கியில் 1934-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் எல்லோரும் குடும்பப் பெயர் தேர்ந்தெடுத்தார்கள். ஜப்பானில் பொதுமக்கள் எல்லோருக்கும் அது கட்டாயமானது 1875-இல். இப்படிப்பட்ட பெயரை ஐந்நூறு வருடம் பின்னோக்கி இழுக்கும் வம்சாவளிச் சேவை பணம் வாங்கிக்கொண்டு கதை விற்கிறது. ‘உங்கள் குடும்பப் பெயரின் மரபுச் சின்னம்’ என்று கண்ணாடிச் சட்டம் போட்டு விற்பதும் அந்த ரகம்தான். ஐரோப்பிய மரபில் கேடயச் சின்னம் தனி ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும் வழங்கப்பட்டது. ஒரே பெயருள்ள எல்லோருக்கும் பொதுவானதல்ல. அமெரிக்காவுக்குக் குடியேற வந்தவர்களைச் சோதித்த நியூயார்க் துறைமுக நிலையம் பற்றிய, ‘எல்லிஸ் தீவில் அதிகாரி பெயரை மாற்றிவிட்டார்’ என்ற கதைக்கும் இதே நிலைமை. அங்கிருந்தவர்கள் கப்பல் புறப்பட்ட இடத்தில் எழுதப்பட்ட பயணியர் பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள். பெயர்கள் பெரும்பாலும் பின்னால், குடியேறியவர்களே மாற்றிக்கொண்டவை.

ஆங்கிலக் குடும்பப் பெயருக்கு ஆழமாகப் போக வேண்டுமென்றால் ஆக்ஸ்ஃபோர்டு 2016-இல் நான்கு தொகுதிகளாக வெளியிட்ட பிரிட்டன், அயர்லாந்துக் குடும்பப் பெயர் அகராதிதான் கதி. நூலகச் சந்தா இருந்தால் இணையத்தில் படிக்கலாம். ஒவ்வொரு பெயருக்கும் பழைய ஆவணத்தில் எந்த ஆண்டு, எந்த ஊரில், எந்த எழுத்துக்கூட்டில் வந்தது என்று காட்டுகிறது. பொருளைச் சொல்வதற்கும் சான்று காட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பக்கங்களில் கண்ணுக்குத் தெரியும். இலவசமாக வேண்டுமானால், பயனர்களே சேர்ந்து எழுதும் இணைய அகராதியான விக்சனரி. சொல்லின் வேர் வரலாறு பல பதிவுகளில் நன்றாக இருக்கிறது, சிலவற்றில் மூலமே குறிப்பிடாமல் இருக்கிறது. அடியில் மேற்கோள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

தமிழ்ப் பெயர்களுக்குப் பிஹைண்ட் த நேம் போதாது. தமிழ் என்ற தனித் தலைப்பு உண்டு, ஆனால் ஆங்கில, ஜெர்மன் பட்டியல்களோடு வைத்துப் பார்த்தால் மெலிவு. பெரிய சிக்கல் ரோமன் எழுத்து. ல, ள, ழ மூன்றும், ந, ன, ண மூன்றும் அதில் குழம்பிவிடும். வேலும் வேளும் ஒன்றாகிவிடும். ஒன்று ஆயுதம், மற்றது குறுநிலத் தலைவன். கனி பழம், கணி காலம் கணிப்பவர். நெடில், குறில் போனால் நிலாவும் நீலாவும் ஒரே எழுத்துக்கூட்டு. நிலவைத் தேடியவருக்குக் கருநீலம் கிடைக்கும். குடும்பப் பெயர்ப் பகுதிக்கோ நம்மிடம் கொடுக்கவே பெரும்பாலும் ஒன்றுமில்லை. தந்தை பெயரின் முதலெழுத்துதான் இருக்கிறது. ஐஸ்லாந்தியர் தந்தை பெயரோடு மகன், மகள் என்று ஒட்டிக்கொள்வதையும், மியன்மாரில் குடும்பப் பெயரே இல்லாததையும் பார்த்தால் அது ஒரு குறையாகத் தோன்றாது. குடும்பப் பெயருக்குக் கட்டம் வைத்துப் படிவம் போட்டவர்களின் குறை.

தமிழ்ப் பெயருக்குச் செல்ல வேண்டிய இடம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியான தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், 1939-இல் பிற்சேர்க்கை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். செழியன், வளவன், பொறையன் மூன்றையும் ஏதாவது செயலியில் போட்டால் ‘செழிப்பானவன், வளமானவன், பொறுமையானவன்’ என்று வேரை மட்டும் பிய்த்துக் கொடுக்கும். லெக்சிகனில் பார்த்தால் முறையே பாண்டியன், சோழன், சேரன் என்று கிடைக்கும். மூன்று குடிகளின் பட்டப் பெயர்கள் அவை. வேர்ப்பொருள் மட்டும் தெரிந்து வைத்தால் தவறில்லை, ஆனால் அண்ணனுக்கு வளவன், தம்பிக்குச் செழியன் என்று வைப்பவர் சோழனையும் பாண்டியனையும் ஒரே கூரையின் கீழ் வளர்க்கிறார் என்பதாவது தெரிந்திருக்கட்டும்.

சமஸ்கிருத வேருள்ள பெயராகத் தோன்றினால் மோனியர் வில்லியம்ஸின் சமஸ்கிருத-ஆங்கில அகராதியை கொலோன் பல்கலைக்கழகத் தளத்தில் பாருங்கள். கபிலன் போன்ற பெயருக்கு இரண்டிலும் தேட வேண்டும். ‘கபில’ என்ற நிறச்சொல் அங்கே, புலவர் பெயர் இங்கே.

லெக்சிகனில் தேடும்போது சறுக்குவது கூட்டுப் பெயர்களில். தமிழ்ச்செல்வி, கயல்விழி போன்றவற்றை முழுப் பெயராகப் போட்டு, இல்லை என்று திரும்பிவிடக் கூடாது. சேருமிடத்தில் பிரித்து, இடையில் வந்த ‘ச்’ போன்ற ஒற்றெழுத்தை நீக்கி, இரண்டு சொல்லையும் தனியே தேட வேண்டும்: தமிழ், செல்வி. பிறகு எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். கயல் கெண்டை மீன், விழி கண். கூட்டினால் ‘மீன் கண்’ என்று செயலி எழுதும். அது ஓர் அன்மொழித்தொகை. கயல் போன்ற விழியை உடையவள் என்று விரித்தால்தான் ஒரு பெண்ணின் பெயராகும். ஹில்டெகுண்டில் கட்ட முடியாத வாக்கியம் இங்கே பெயருக்குள்ளேயே மறைந்திருக்கிறது.